தரையில் இல்லாத வாசனை

நவம்பர் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, விடிந்தும் விடியாத நேரத்தில் என் அண்ணன் அல்ஃபே கடலுக்குப் போனான். அவன் மட்டுமல்ல, எங்கள் கரையில் இருந்த அத்தனை படகுகளும் அன்றைக்குத்தான் போயின. சிங்கி இறால் பருவம் திறக்கும் நாள் அது. படகுகளின் பின்பாதியில், இறால் பிடிக்கக் கடலில் இறக்கும் கூடுகளை வீட்டு உயரத்துக்கு அடுக்கிக் கட்டியிருந்தார்கள். பாதிரியார் குளிரில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொரு படகுக்கும் தண்ணீர் தெளித்தார். ஊர் முழுக்கத் துறையில் நின்றது.

அல்ஃபே எங்கள் வண்டியின் சன்னலுக்குள் தலையை நீட்டி மகளை முத்தமிட்டான். ஸெலிக்கு அப்போது பதினொரு வயது. போர்வைக்குள் சுருண்டு, ஆரஞ்சுச் சாறு பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"இத்தோட எத்தனாவது பாட்டில்டி? கடலையும் குடிச்சிராத. படகு மிதக்கணும்ல."

"உன் உப்புத் தண்ணிய நீயே வச்சுக்க."

அவன் சிரித்துவிட்டு மூக்கைச் சுளித்தான். "அப்படியே உங்கம்மா வாசனை. லியோனிஸ், அந்த வேலை ஓவராலை என்னிக்குத்தான் துவைக்கப்போற? புள்ள மேலயே ஏறிருச்சு பாரு."

"இன்னிக்குத் துவைக்கட்டுமா? சொல்லு, இப்பவே போய் ஊறப் போடறேன்," என்றாள் அண்ணி.

பக்கத்து வண்டியில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். பருவத்தின் முதல் பயணத்தில் ஆள் கடலில் இருக்கும்போது வீட்டில் துணி துவைத்தால், அவனையும் சேர்த்து அலசி விடுவதாக அர்த்தம். படகு திரும்பிவந்து கயிறு கட்டும்வரை எங்கள் கரையில் ஒரு கொடியிலும் துணி தொங்காது. நம்புகிறாயா என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் துவைக்கவும் மாட்டார்கள்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அண்ணன் வீட்டு மாடியில், ஸெலியின் அறைக்கு எதிர் அறையில் இருந்தேன். எப்போது இந்தக் கரையை விட்டு ஓடலாம் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்த காலம்.

லியோனிஸ் அண்ணி டோசிதேயின் படகு கட்டும் கொட்டகையில் ஃபைபர் போடுகிறவள். கண்ணாடி இழையில் செய்த பாயை விரித்து, ரெசின் பசையைத் தோய்த்து, காற்றுக்குமிழி இல்லாமல் ரோலரால் தேய்த்துத் தேய்த்து ஒரு படகையே தோல் போர்த்துவது போலப் போர்த்துவாள். அந்தக் கொட்டகையில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவள்தான். வந்த புதிதில் ஆண்கள் அவள் மதிய உணவு டப்பாவுக்குள் நண்டை விட்டார்கள். அவள் அதை அங்கேயே, கொட்டகை அடுப்பில், எல்லோர் முன்னிலும் வேகவைத்துச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு யாரும் சீண்டவில்லை.

கையில் பட்ட ரெசின் சோப்புக்குப் போகாது. அசிட்டோனுக்குத்தான் போகும். நகச்சாயம் அழிக்கச் சிறு குப்பியில் வாங்குவோமே, அதே திரவம். அண்ணிக்கு அது வாளியில் வரும். கையில் ஊற்றினால் பனிக்கட்டி வைத்தது போலச் சில்லிடும். துடைக்கத் துணியை எடுப்பதற்குள் காற்றில் போயிருக்கும். தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசையையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடும் என்பதால், அண்ணியின் கைகள் எப்போதும் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்து, விரல் மடிப்புகளில் வெடித்திருக்கும். கையுறை போட்டால் குமிழி தெரியாது என்பாள். அவள் விரல் நகத்தில் ஒருநாளும் சாயம் நின்றதில்லை. அதனால் ஸெலி ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் கால் நகங்களுக்குச் சாயம் பூசுவாள். ரப்பர் பூட்ஸுக்குள் சிவப்பு நகங்களோடு அண்ணி வேலைக்குப் போவாள்.

வேலைக்குப் புதிதாய் வருகிறவனுக்குத் தெர்மாகோல் கோப்பையில் கொஞ்சம் அசிட்டோனை ஊற்றி, "இதை டோசிதேகிட்ட குடுத்துட்டு வா" என்று அனுப்புவது கொட்டகையின் பழக்கம். நாலடி நடப்பதற்குள் கோப்பையின் அடிப்பாகம் கரைந்து பூட்ஸில் ஒழுகும். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஆனால் விளையாட்டு அந்த அளவோடு சரி. அண்ணி எந்தக் கொட்டகைக்குள் நுழைந்தாலும் முதலில் வாசலில் குந்தி உட்கார்ந்து, முகத்தைத் தரைக்குக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்ப்பாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"அது புகை மாதிரி மேல போகாதுடி. காத்தை விட கனம். தரையிலதான் படுக்கும். படுத்துக்கிட்டே ஊர்ந்து ஊர்ந்து, எங்க நெருப்பு இருக்குன்னு தேடிப் போகும்."

"தேடிப் போகுமா? அதுக்கென்ன கண்ணா இருக்கு?"

"வில்ஃப்ரிடைக் கேளு," என்றாள்.

வில்ஃப்ரிடைக் கேட்க முடியாது. கொட்டகையில் அண்ணியோடு வேலை செய்த அவன், விபத்துக்குப் பிறகு எங்களோடு பேசுவதை நிறுத்திப் பல வருடமாகிறது. நடந்ததை அண்ணிதான் சொன்னாள். கொட்டகையின் ஒரு கோடியில் அவன் வாளியை மூடாமல் வைத்துவிட்டுப் படகுக்கு அடியில் மண்டியிட்டு வேலை செய்துகொண்டிருந்தான். மறு கோடியில் மண்ணெண்ணெய்க் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. நடுவில் வெறும் தரை. அண்ணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணப்பிலிருந்து ஒரு நீலத் தீ கிளம்பியது. தரைமேல் விரல் உயரத்துக்கு, சத்தமே இல்லாமல், யாரோ ரிப்பனை இழுப்பது போல நேராக வந்தது. மேசைக்கால்களைச் சுற்றிக்கொண்டு, ஆளைக் கண்டு வருவது போல வாளியைக் கண்டு வந்தது. பிறகுதான் சத்தம்.

"அவன் தொப்பி கருகல. மீசை கருகல. இடுப்புக்குக் கீழ மட்டும்..." என்றவள் அதற்கு மேல் சொன்னதில்லை.

இன்னொரு வழக்கமும் அந்தக் கொட்டகையில் உண்டு. படகின் உள்விலா மரங்களுக்கு ஃபைபர் போர்த்துவதற்கு முன், யார் வேண்டுமானாலும் பென்சிலால் அதில் எதையாவது எழுதலாம். பெயர், வசவு, காதல், பந்தயத்தில் தோற்ற கணக்கு, எதுவானாலும். ரெசின் காய்ந்தபின் சாம்பல் பூச்சு வந்துவிடும். அது படகுக்குள்ளேயே கிடக்கும். ஆனால் போர்த்துகிறவர் அதைப் படிக்கக் கூடாது. படித்தால் அந்தப் படகு பேசும் என்பார்கள். பேசுகிற படகில் யாரும் ஏறமாட்டார்கள். அண்ணி விலா மரத்தில் இழைப் பாயை விரிக்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வாள். அந்த இலையுதிர் காலம் முழுவதும் ஸெலி பள்ளி முடிந்து கொட்டகைக்குத்தான் வந்தாள். அவளும் எழுதுவாள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பெரிய தச்சனைப் போலத் திரிவாள்.

படகுகள் போன அன்று மாலை வீட்டில் அசிட்டோன் வாசனை அடித்தது. புதிதில்லை. அண்ணியின் ஓவரால் சனிக்கிழமையிலிருந்து பின்வாசல் ஆணியில் தொங்கியது. நான் சாப்பிடும்போது முகத்தைச் சுளித்ததைப் பார்த்து அவளே அதைக் கொண்டுபோய் வெளியே விறகுக் கொட்டிலில் போட்டாள்.

"மகாராணிக்கு இனி ராப்பி இறங்குமா?"

துருவிப் பிழிந்த உருளைக்கிழங்கும் கோழியும் சேர்ந்து அடுப்பில் வெந்த ராப்பியை ஸெலி தொடவேயில்லை. வயிறு வலிக்கிறது என்று தண்ணீர்ச் சொம்போடு மாடிக்குப் போனாள். பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று கேள்வி. அதுதான் இவளுக்கும் என்று நினைத்தோம்.

மறுநாள் காலையில் வாசனை அதிகமாகியிருந்தது.

ஓவரால் வெளியே கிடந்தது. பூட்ஸையும் வெளியே வைத்தாள். குளிரோடு குளிராக எல்லாச் சன்னலையும் திறந்தோம். காற்று வந்தது, திரை ஆடியது, வாசனை போகவில்லை. கொட்டகையில் அடிக்கும் வாசனையிலிருந்து இது கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. அழுகத் தொடங்கிய பேரிக்காயின் தித்திப்பு அதன் அடியில் இருந்தது. ஸெலி இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பவும் தூங்கிப்போனாள்.

"உங்கண்ணன் எதையோ வாங்கிட்டு வந்து எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கான்," என்றாள் அண்ணி. "டப்பா ஒழுகுது."

அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வில்ஃப்ரிடின் ஞாபகம் வந்தது. நிலவறையில் வெந்நீர்க் கொதிகலனுக்குள் இரவும் பகலும் எரியும் ஒரு சிறு நீலச் சுடர் இருந்தது. அவள் முதலில் வெளியே ஓடி எரிவாயுக் குழாயை அடைத்தாள். "விளக்குப் போடாத. எந்தச் சுவிட்சையும் தொடாத. தீப்பெட்டி எங்க? அதை வெளிய எறி." வீடு மெல்ல மெல்லக் குளிர்ந்தது.

பிறகு அவள் நிலவறைப் படியில் இறங்கி, நாலு காலில் மண்டியிட்டு, கன்னம் சிமெண்டில் உரச மோந்துகொண்டே போனாள். நான் டார்ச்சைக்கூட ஏற்றப் பயந்து படியில் நின்றேன். சிறு சன்னலின் வெளிச்சத்தில் அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

"இங்க ஒண்ணும் இல்ல."

அடுக்களைத் தரை. அங்கும் இல்லை. பின்வாசல், கூடம், படுக்கையறைக் கட்டிலின் அடி. நானும் மண்டியிட்டு மோந்து பார்த்தேன். மரத்தரையில் மெழுகு வாசனையும் தூசியும் மட்டும். எழுந்து நின்றால் வாசனை அடித்தது. குனிந்தால் இல்லை.

அண்ணி மாடிப்படியின் கீழே நின்றாள். ஒரு படி ஏறி மோந்தாள். இன்னொரு படி. ஏற ஏற வாசனை கூடியது.

"இது மேல ஏறாதுடி," என்றாள் கிசுகிசுப்பாக. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "இது மேல ஏறாது. ஏறவே ஏறாது."

 இத்தனை வருடம் பழகிய ஒன்று அன்றைக்கு மட்டும் தன் குணத்தை மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் நிமிர்ந்து நடப்பது போல இருந்தது. மாடித் தாழ்வாரத்தில் அது எங்கள் முகத்தின் உயரத்தில் நின்றது. ஸெலியின் அறைக்கதவு திறந்திருந்தது. அண்ணி உள்ளே போய்த் தரையில் படுத்து மோந்தாள். சுத்தம். முழங்காலில் எழுந்தாள். அப்போது அவள் முகமும் தலையணையும் ஒரே மட்டத்தில் இருந்தன.

ஸெலி ஓடிவந்தவளைப் போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் கண்கள் மூடியிருந்தன, உடம்பு அசையவில்லை. நெஞ்சு மட்டும் ஆழமாய் ஏறி இறங்கியது. மூச்சு வெளியே வரும்போது வாசனை வந்தது. உள்ளே போகும்போது குறைந்தது. வந்தது, குறைந்தது.

"ஸெலி! என்னத்தக் குடிச்ச? ஏய், கண்ணைத் திற! எதைக் குடிச்ச?"

"தண்ணி."

"தண்ணி சரி. வேற?"

"தண்ணிதாம்மா," என்றாள். நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நகச்சாயம் அழிக்கும் குப்பி அலமாரியில் இருந்தது. நான் பாய்ந்து எடுத்தேன். வாங்கியபடி, மூடியின் முத்திரைகூட உடையாமல், நிறைய இருந்தது. அது காலியாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அண்ணி மகளைப் போர்வையோடு தூக்கினாள். போன கோடையில் தூக்க முடியாமல் திணறியவள், அன்று ஒரு தலையணையைத் தூக்குவது போலத் தூக்கினாள். இடுப்பெலும்பு இவ்வளவு துருத்திக்கொண்டிருந்ததை நாங்கள் எப்படிப் பார்க்காமல் விட்டோம்?

"அல்ஃபேயைக் கூப்பிடு, ஒடெட்."

அடுக்களையில் படகுகளோடு பேசும் ரேடியோ இருந்தது. சுவிட்சைத் தொடாதே என்று சொன்னவளே இப்போது கூப்பிடச் சொன்னாள். "என்ன சொல்ல அண்ணி?" கரையின் அத்தனை படகுகளும் ஒரே அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருக்கும். கூடு இறக்கும் நாட்களில் நோவு, சாவு என்று எதையும் அதில் பேசக் கூடாது.

அவள் வாசலில் ஒரு கணம் நின்றாள். "நான் துணி துவைக்கிறேன்னு சொல்லு."

சொன்னேன். இரைச்சலோடு யாரோ ஒருவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் அறுந்தது. என் அண்ணனின் குரல் வந்தது.

"யார் துணியை?"

"ஸெலியோடத."

 அந்த நிமிடமே அவன் பாதிக் கூடுகள் இறக்காமல் படகைத் திருப்பினான் என்று கூட இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

நகரத்துக்குப் போகும் வழியெல்லாம் ஸெலி என் மடியில் கிடந்தாள். வண்டிக்குள் அந்த வாசனை நிறைந்தது. அண்ணி சூடேற்றியைப் போடவில்லை, சன்னலை ஏற்றவில்லை. எங்கள் நடுவில் இருப்பது ஒரு குழந்தை என்பதும், திறந்த வாளி என்பதும் அவளுக்கு ஒரே சமயத்தில் உண்மையாக இருந்தது. "மூச்சு விடுறாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. எங்கள் இருவருக்கும் வாசனை அடித்துக்கொண்டிருந்தது.

மருத்துவமனை வாசலிலேயே அண்ணி கத்தினாள். "அசிட்டோன் குடிச்சிட்டா! எம்புள்ள அசிட்டோன் குடிச்சிட்டா!"

செவிலி ஒருத்தி குனிந்து ஸெலியின் வாயருகே மோந்தாள். எதுவும் கேட்காமல் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். கருவியில் எண் வரவில்லை. அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. பிறகு எல்லோரும் ஓடினார்கள்.

வெகுநேரம் கழித்து மருத்துவர் வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவ எதையும் குடிக்கலம்மா. சர்க்கரை வியாதி. இன்சுலின் இல்லாம உடம்பு சர்க்கரையை எரிக்க முடியல. அதனால தன் கொழுப்பையே எரிச்சுக்கிட்டிருக்கு. அப்படி எரியும்போது உள்ளயே அசிட்டோன் உண்டாகும். அதுதான் மூச்சுல வருது."

"உள்ளயா?" என்றாள் அண்ணி. "எம்புள்ளைக்குள்ளயா?"

"ஆமா. பொழைச்சுக்குவா. நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்க. தாகம் வாரக்கணக்கா இருந்திருக்கும். வாசனை நாலஞ்சு நாளா இருந்திருக்கும். கவனிச்சீங்களா?"

அவர் குற்றமாகக் கேட்கவில்லை. அண்ணி தன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அண்ணன் இரை மீன் நாற்றத்தோடு, கடல் பூட்ஸோடு ஓடிவந்தான். அவள் அவனைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "துவைக்கல." அவன் அவள் தலையைத் தன் ரப்பர் உடையில் சாய்த்துக்கொண்டான்.

ஸெலி வீடு திரும்பினாள். ஊசி போடக் கற்றுக்கொண்டாள். வாசனை மூச்சிலிருந்து போனது. அண்ணியிடமிருந்துதான் போகவில்லை. அவள் கொட்டகையிலேயே குளித்துவிட்டு வரத் தொடங்கினாள். ஓவரால் பிறகு ஒருநாளும் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. காலையில் வேலைக்குப் போகுமுன் மகளின் கட்டிலருகே மண்டியிட்டு அவள் வாயை மோந்து பார்ப்பாள். ஸெலி தூங்குவது போலக் கிடப்பாள். ஒருநாள் வேண்டுமென்றே பூண்டைத் தின்றுவிட்டுப் படுத்து, அம்மாவின் முகத்தில் ஊதினாள்.

"சனியனே!"

"செத்தா போயிட்ட? இனி மோந்து பாப்பியா?"

பார்த்தாள். வருடக்கணக்கில் பார்த்தாளாம். பள்ளியில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்தாலும் அணைக்கும் சாக்கில் மோந்து பார்ப்பாள். சில சமயம் அந்த மாடி அறையில் யாருமே இல்லாதபோது, தலையணை உயரத்தில் வாசனை நிற்கிறது என்று என்னிடம் சொன்னாள். நான் போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்று சொன்னேன். ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த இலையுதிர் காலத்துக்குள் நான் கிளம்பிவிட்டேன். கப்பல் சமையலறை, திராட்சைத் தோட்டம், யாரோ ஒருவரின் பிள்ளைகள், யாரோ ஒருவரின் நாய்கள். ஒன்பது வருடம் கழித்து இந்த வசந்தத்தில் திரும்பி வந்தேன். ஸெலி நகரத்தில் படிக்கிறாள். அண்ணி இன்னும் கொட்டகைக்குப் போகிறாள். என்னைக் கட்டிக்கொண்டபோது என் மூச்சை மோந்து பார்த்தாள்.

போன வாரம் அடுக்களையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அவள் போன் ஒலித்தது. டோசிதே ஒரு படத்தை அனுப்பியிருந்தார். மாக்தலென் தீவுகளில் யாரோ ஒருவன், எங்கள் கொட்டகையின் பழைய படகொன்றை வாங்கியிருக்கிறான். பாறையில் மோதிய அடிப்பாகத்தைச் சரிசெய்ய உள்விலாவின் சாம்பல் பூச்சைத் தேய்த்து எடுத்திருக்கிறான். அடியில் எழுத்து இருக்கிறது, உங்கள் ஊர்க்காரர்கள் யாராவது எழுதியதாக இருக்கும் என்று படம் அனுப்பியிருந்தான்.

அண்ணி படத்தைத் திறக்கவில்லை. போனைக் கவிழ்த்து மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினாள்.

"அந்த வருஷத்துப் படகு. நான் மூடினது. நான் படிக்கக் கூடாது. நீ படி."

படகை வாங்கியவன் படத்தோடு எழுதியிருந்தான்: "தேய்ச்ச ஃபைபர் வெள்ளையா மங்கிக் கிடக்கு. அசிட்டோன் போட்டுத் துடைச்சா ஈரம் இருக்கற வரைக்கும் கண்ணாடி மாதிரி எழுத்து தெரியுது. காஞ்சதும் மறைஞ்சிடுது. நாலஞ்சு தடவை துடைச்சுத்தான் இந்தப் படம் எடுக்க முடிஞ்சுது."

படத்தில் ஈரம் ஓரங்களில் காயத் தொடங்கியிருந்தது. நடுவில், தச்சனின் தடித்த பென்சிலில், ஒரு சிறுமியின் கோணல் எழுத்து. நான் சத்தமாகப் படித்தேன்.

"அம்மா, உன் பாட்டில் தண்ணியையும் நானே குடிச்சிட்டேன். திட்டாத. எனக்கு இன்னும் தாகமா இருக்கு."